பைக்கை அனுப்புவதா, ஓட்டிப் போவதா? பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

பெங்களூரில் பைக் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு சமயங்களில் வரும். லடாக் போகத் திட்டம் போடும்போது ஒன்று. வேலை மாறி டெல்லிக்கோ, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கோ போகும்போது இன்னொன்று. இரண்டிலும் முதலில் போடுவது ஒரே கணக்குதான்: பெட்ரோலுக்கு எவ்வளவு, லாரிக்காரர் கேட்பது எவ்வளவு, எது குறைவு? முதல் தவறு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பெங்களூரிலிருந்து டெல்லி, என்எச் 44 வழியாக ஏறத்தாழ 2,150 கிலோமீட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் 350 சிசி வண்டி எழுபது லிட்டருக்கு மேல் குடிக்கும். இதை மட்டும் பார்த்தால் ஓட்டிப் போவது மலிவுதான். ஆனால் நாளைக்கு 500 கிலோமீட்டர் என்று நிதானமாகப் போனால் டெல்லி சேர நாலரை நாள். நான்கு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு, செயின் தேய்மானம், பின் டயர் தேய்மானம் எல்லாம் உண்டு. போய்த் திரும்பவே ஒன்பது நாள் லீவு காலி. பதினைந்து நாள் லீவு வாங்கியவருக்கு டெல்லிக்கு அப்பால் மிஞ்சுவது ஆறே நாள். மணாலி வழியாக லடாக்கின் லே நகருக்குப் போக இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. லே 3,500 மீட்டர் உயரம், உடம்பு பழக இரண்டு நாளாவது சும்மா இருந்தாக வேண்டும். அப்புறம் பாங்கோங் ஏரி எங்கே, நூப்ரா பள்ளத்தாக்கு எங்கே?

ஆகவே கேட்க வேண்டியது, எந்தக் கிலோமீட்டர்களை ஓட்ட ஆசைப்படுகிறோம் என்பதுதான். லீவு மூன்று வாரத்துக்குக் குறைவென்றால் டெல்லிக்கோ சண்டிகருக்கோ வண்டியை அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். லீவு தாராளமாக இருந்தால், என் கட்சி, போகும்போது ஓட்டிப் போய் வரும்போது அனுப்புவது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். போகும்போது அனுப்பிய வண்டி மூன்று நாள் தாமதமானால் பயணமே கெட்டுப்போகும். திரும்பும்போது ஒரு வாரம் தாமதமானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மலையில் அலைந்து களைத்த உடம்போடு, "திங்கட்கிழமை ஆபீஸ்" என்ற அவசரத்தோடு 2,000 கிலோமீட்டர் ஓட்டுவதுதான் ஆபத்தான பகுதி. வெளிச்சம் போன பிறகும் "இன்னும் நூறு கிலோமீட்டர்தானே" என்று ஓட்ட வைப்பதும் அந்த அவசரம்தான்.

லடாக்குக்கு எதற்கு சொந்த வண்டி, மணாலியில் வாடகைக்கு எடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். வெளியிலிருந்து வரும் வாடகை பைக்குகளை லேயைச் சுற்றியுள்ள இடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் விடுவதில்லை. நண்பரின் வண்டியை எடுத்துப் போனாலும் வாடகை வண்டியோ என்ற சந்தேகம் வரும். ஆர்சி உங்கள் பேரில் இருப்பதே நல்லது.

ஊருக்குப் போகிறவர்கள் கதை வேறு. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக மதுரைக்கு ஒரே பகலில் போய்விடலாம். அதற்கு லாரிக்குப் பணம் கட்டுவது வீண். ஆனால் மேப் காட்டும் வழியிலெல்லாம் பைக் போக முடியாது. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை, சர்வீஸ் ரோடுதான். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் பைக்குக்கு அனுமதியில்லை. மேப்பை டூவீலர் முறையில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரயிலில் அனுப்பினால்

நீங்களும் அதே ரயிலில் டிக்கெட் எடுத்துப் போனால் லக்கேஜ். வண்டி மட்டும் போனால் பார்சல். லக்கேஜ் என்பதாலேயே கூடவே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பிரேக் வேனில், அதாவது ரயிலில் பார்சல் ஏற்றும் பெட்டியில், இருப்பதே கொஞ்சம் இடம், அதிலும் ஒரு பகுதி தனியாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கும். இடமில்லையென்றால் வண்டி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். நீங்கள் டெல்லியில் இறங்கும் மறுநாளுக்கே மணாலி ஹோட்டலுக்கு முன்பணம் கட்டி வைப்பது இதனால்தான் வம்பு. நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

ரயிலைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நம் ஸ்டேஷனில் புறப்பட்டு, போக வேண்டிய ஊரில் முடியும் ரயிலாகப் பாருங்கள். டெல்லிக்கு கர்நாடகா எக்ஸ்பிரஸ் அப்படிப்பட்டது. வழியில் சில நிமிடமே நிற்கும் ஸ்டேஷனில் 195 கிலோ வண்டியை இறக்கத் தோதிருக்காது. கோவில்பட்டிக்காரர் வீட்டுக்குப் பக்கம் என்று கோவில்பட்டியையே கேட்பதைவிட, ரயில் முடியும் நாகர்கோவிலில் போய் எடுத்துக்கொண்டு ஓட்டி வருவது நிம்மதி.

பெட்ரோல் துளிகூட இருக்கக் கூடாது. பார்சல் ஆபீஸில் சோதிப்பார்கள். அபாயகரமான பொருளை ரயிலில் ஏற்றுவது 1989 ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் வரும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. ஆனால் டேங்கைக் காலி செய்வதற்காக இன்ஜின் திக்கித் திணறி நிற்கும்வரை ஓட்டுகிறார்களே, அது பெரிய தவறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கி இருக்கும். அதைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் பம்ப் சூடேறிக் கெடும். ரிசர்வ் லைட் எரியும்வரை ஓட்டிவிட்டு, மிச்சத்தைக் கைப்பம்ப் வைத்து எடுத்துவிடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

பேக்கிங்கைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டேஷனில் சாக்கும் அட்டையும் கோணி ஊசியுமாக இருக்கும் ஆட்கள், கண்ணில் படும் டேங்குக்கு மெத்தை மாதிரி சுற்றிவிட்டு மற்றதில் கையைச் சுருக்கிவிடுவார்கள். பிரேக் வேனில் வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும், முதலில் உடைவது கிளட்ச் லீவரும் இண்டிகேட்டரும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லீவர் கிளாம்பைத் தளர்த்தி உள்பக்கமாகத் திருப்பி விடுங்கள். "அண்ணா, லீவருக்கும் சைலன்சர் முனைக்கும் இன்னும் ரெண்டு சுத்து போடுங்க" என்றால் போடுவார்கள். அதற்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். மண்ணோடு சுற்றிய சாக்கு, வழி முழுக்க ஆடி ஆடி பெயின்டைத் தேய்த்துவிடும்.

யாரும் கண்டுகொள்ளாத இடம் ஒன்று: வண்டியின் மதிப்பை எழுதிக் கொடுப்பது. எழுதாவிட்டால் ரயில்வேயின் பொறுப்பு எடைக் கணக்கில்தான். பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய். 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 பார்சலில் காணாமல் போனால் அதிகபட்சம் 9,750 ரூபாய். மதிப்பைக் குறிப்பிட்டு, அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டினால்தான் அதற்கு மேல் கேட்க முடியும். புக்கிங் கவுன்டரில் இதைத் தானாக யாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், நீங்களே கேளுங்கள்.

லாரியில் அனுப்பினால்

பெரிய கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு, போனிலேயே குறைந்த ரேட் சொல்கிறவர்கள் நிறைய. வண்டி ஏறிய பிறகு "டோல், அன்லோடிங்" என்று ரேட் ஏறும். ரேட்டில் என்னென்ன அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். எல்ஆர் எனப்படும் லாரி ரசீது கையில் வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

"டிரான்சிட் இன்சூரன்ஸ்" என்று பில்லில் ஒரு வரி இருப்பதால் பாலிசி இருக்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் பெயரும் வண்டி எண்ணும் உள்ள பாலிசித் தாளைக் கேளுங்கள். மதிப்பு அறிவிக்காவிட்டால் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து விதிகளின்படி கம்பெனியின் பொறுப்பு, கட்டிய வாடகையைப்போல் பத்து மடங்கு வரைதான். இதற்கிடையே ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசியே (சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) சாலையிலும் ரயிலிலும் வண்டி ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதத்தைப் பொதுவாக உள்ளடக்கும். பாலிசியின் முதல் பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடையாது. வண்டி திருடு போகாமல், அதில் மாட்டிய பெட்டியோ கூடுதல் விளக்கோ மட்டும் திருடு போனாலும் கிடைக்காது. கழற்ற முடிந்ததைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

போட்டோக்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஓடோமீட்டர், இன்ஜின் எண், சேசிஸ் எண், இரண்டு பக்கமும் இருக்கும் பழைய கீறல்கள். ஓடோமீட்டர் எதற்கென்றால், குடோனிலிருந்து குடோனுக்கு உங்கள் வண்டியையே ஓட்டிப் போகிறவர்களும் உண்டு.

வேலை மாறிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருக்கப்போகிறதென்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்குள்ள ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) தேவை. லோன் இருந்தால் பேங்க் கடிதமும் வேண்டும். பெங்களூரில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

குட்டி யானையில் நாமே கட்டினால்

ஓசூர், கிருஷ்ணகிரி வரைக்கும் என்றால் பலர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியைப் பேசி முடித்துவிடுகிறார்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, நைலான் கயிற்றை ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று சுற்றினால் முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டியின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில் இறங்கும், ஸ்டாண்டு வளையும் அல்லது அதைத் தாங்கும் பிராக்கெட் விரியும். நைலான் கயிறு இழுபட்டுத் தளரும். தளர்ந்ததும் வண்டி சாயும்.

ஸ்டாண்டை மடக்கி, முன் சக்கரத்தை முன்பலகையில் முட்டக் கொடுத்து நேராக நிறுத்துங்கள். நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கு வேண்டும். முன்னால் இரண்டை ஹேண்டில் பிடியில் மாட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தகட்டில் மாட்டி இரு பக்கமும் முன்னோக்கி இழுங்கள். பின்னால் இரண்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் சப்ஃபிரேமிலிருந்து பின்னோக்கி. முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கினால் போதும். அடிவரை இறுக்கினால் ஃபோர்க் சீல் போய் ஆயில் கசியும். பெல்ட் டேங்கிலோ சைலன்சரிலோ உரசக் கூடாது. கியரில் போட்டு விடுங்கள். பத்து இருபது கிலோமீட்டர் போனதும் டிரைவரை நிறுத்தச் சொல்லி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். முதல் தளர்வு அங்கேதான் வரும்.

வந்து சேர்ந்த இடத்தில்

சாக்கைப் பிரிப்பதற்கு முன்னால் டெலிவரி தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சேதம் இருந்தால் அதே தாளில் எழுதி, போட்டோ எடுத்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். ரயில்வேயிடம் நஷ்டஈடு கேட்க, புக் செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். லாரி என்றால் 180 நாள். இலவச நேரம் தாண்டி ஸ்டேஷனில் கிடந்தால் மணிக்கணக்கில் வாடகை ஏறும், அதனால் சேர்ந்த அன்றே போய் எடுங்கள்.

டேங்க் காலி என்பது அங்கே நின்ற பிறகுதான் பலருக்கு ஞாபகம் வரும். பாட்டிலில் பெட்ரோல் தர நிறைய பங்க்குகளில் மறுப்பார்கள். அருகில் பங்க் எங்கே, தள்ளிப் போக ஆள் உண்டா என்று முன்பே பார்த்து வையுங்கள். இரண்டு லிட்டராவது போட்டதும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு வினாடி ரீங்கரித்து நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன், இப்படி நாலைந்து தடவை. குழாயில் பெட்ரோல் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பும் முன் லீவர்களைப் பழைய இடத்துக்குத் திருப்பி இறுக்கி, பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பாருங்கள்.