பல்லைப் பிடுங்கும் முன் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

பல் வலி வந்தாலே "பிடுங்கிப் போட்டுடலாம்" என்பதுதான் நம் வீடுகளில் முதல் பேச்சு. தயவுசெய்து அதற்கு முன் பல்லின் உட்பகுதியைப் பற்றியே தனியாகப் படித்த எண்டோடான்டிஸ்ட், அதாவது ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை) ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். பி.டி.எஸ். முடித்த எந்தப் பல் டாக்டரும் ரூட் கெனால் செய்யலாம், முன்பல் என்றால் பெரும்பாலும் அவரே போதும். கடைவாய்ப் பல், வேர் வளைந்த பல், ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்தும் வலிக்கிற பல் என்றால் அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவரிடம் போவது நல்லது. போர்டில் எம்.டி.எஸ். என்று இருந்தால் மட்டும் போதாது, கம்பி கட்டுபவரும் ஈறு பார்ப்பவரும்கூட எம்.டி.எஸ். தான். "கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி, எண்டோடான்டிக்ஸ் பிரிவா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

எப்போது போகணும்? ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி உடனே அடங்கினால் உள்ளே இருக்கும் நரம்பு இன்னும் தேறிவிட வாய்ப்பு உண்டு, சொத்தையை அடைத்தாலே சரியாகலாம். குடித்து முடித்து அரை நிமிடம் ஆகியும் வலி நிற்கவில்லை, சூடான காபிக்கு வலிக்கிறது, ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறிக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். பல நாள் வலித்த பல் திடீரென்று அமைதியானாலும் சந்தோஷப்பட வேண்டாம். நரம்பு செத்துப்போய், சீழ் மெதுவாக வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். ஆன்டிபயாடிக் மாத்திரை இதைக் குணமாக்காது. வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் கூடாது, சதை வெந்துபோகும்.

அங்கே போனதும் குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்ப்பார், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் மெல்லத் தட்டுவார். சில நேரம் வலிப்பதாக நாம் காட்டும் பல் ஒன்று, கெட்டுப்போன பல் வேறொன்றாக இருக்கும். அதனால் இந்தத் தட்டலுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

என் மேல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, பல் மேல் மாட்டும் உறையான கேப்பும் போட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி மெல்ல முடியாமல் போனது. முதலில் பார்த்த இடத்தில் பிடுங்கச் சொன்னார்கள். மனசு கேட்காமல் எண்டோடான்டிஸ்டிடம் போனேன். அவர் மைக்ரோஸ்கோப்பை வைத்து அந்தப் பல்லுக்குள்ளேயே நெடுநேரம் தேடி, யாரும் தொடாத நான்காவது கால்வாயை, அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாயைக் கண்டுபிடித்தார். அந்தப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும் கால்வாய் பெரும்பாலும் நான்கு, நான்காவது மயிரிழை போல ஒளிந்திருக்கும். அதில் முதலில் நுழைந்த ஃபைலின் (கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி) நுனி 0.10 மில்லிமீட்டர்தானாம். அந்தப் பல்லில்தான் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை கால்வாய் எதிர்பார்க்கிறீர்கள், ரப்பர் டேம் போடுவீர்களா, முடிந்ததும் எக்ஸ்ரே காட்டுவீர்களா, கேப் எப்போது? ரப்பர் டேம் என்பது பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய ரப்பர் விரிப்பு. எச்சில் உள்ளே போகாது, கழுவும் மருந்தும் தொண்டைக்கு இறங்காது. சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடிந்த பிறகு சில நாள் கடித்தால் வலிக்கும், அது அடங்கிவிடும். தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் அன்றைக்கே போன் செய்யுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு டாக்டர் கேப் போடச் சொன்னால் வலி போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். கேப் இல்லாமல் கடித்தால் பல் பிளந்துவிடலாம், பிளந்த பல்லைக் காப்பாற்றுவது யாருக்கும் கஷ்டம்.

தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் கிளினிக்கைத் தேடாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று. விளையாடும்போது பிள்ளைக்கு நிரந்தரப் பல் முழுசாகக் கழன்று விழுந்தாலும் இதே டாக்டர்தான். வெள்ளைப் பக்கமாகப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது, ஒரு டம்ளர் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள். விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள், ஆனாலும் பிள்ளையைக் காட்டிவிட்டு வாருங்கள்.