கொள்ளுத்தாத்தா வக்கீலா இருந்தாரா? அவர் கதைய தேடி எடுக்குறது எப்படி

நிறைய வீட்டுல ஒரு கதை ஓடும், "எங்க கொள்ளுத்தாத்தா பெரிய வக்கீல், முனிசிபல் சேர்மன், காந்தி சொன்னதும் கோர்ட்ட விட்டுட்டாரு"ன்னு. எங்க வீட்லயும் இதே கதைதான், நானும் அப்படியே நம்பிட்டு எழுத உக்காந்தேன். ரெண்டு வருஷம் தேடினதுல கத்துக்கிட்டத சொல்றேன், மெட்ராஸ் மாகாணத்து ஆளா இருந்தா உங்களுக்கும் உதவும்.

முதல்ல போட்டோ, பட்டம் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு அவர் என்ன வகை வக்கீல்னு பாருங்க. அந்தக் காலத்துல வக்கீல்னா எல்லாரும் ஒண்ணு இல்ல. பி.எல். முடிச்சு ஹைகோர்ட்டு வக்கீலா பதிவு பண்ணவங்க ஒரு ரகம், லண்டன் போய் பாரிஸ்டர் ஆனவங்க ஒரு ரகம், கீழ்க்கோர்ட்டு வக்கீலுக்கான பிளீடர் பரிட்சை மட்டும் எழுதி முதல் கிரேடு, ரெண்டாம் கிரேடுன்னு சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்ற உரிமம் வாங்குனவங்க இன்னொரு ரகம். வ.உ.சி.யே பிளீடர் பரிட்சை பாஸ் பண்ணித்தான் ஓட்டப்பிடாரத்துல தொழில ஆரம்பிச்சாரு. 1926ல பார் கவுன்சில் சட்டம் வந்தப்புறம்தான் ஹைகோர்ட்டுல வக்கீல், அட்வகேட்டுங்குற பிரிவே மறைய ஆரம்பிச்சுது.

இது ஏன் முக்கியம்னா, ஆள எங்க தேடணும்னு இந்த கிரேடுதான் சொல்லும். நான் கிரேடு தெரியாம பழைய மெட்ராஸ் லா ஜர்னல் வால்யூம்களா புரட்டி மூணு மாசம் வீணாக்கினேன், அதுல வர்ற வக்கீல் பேரெல்லாம் ஹைகோர்ட்டுல வாதாடுனவங்க பேரு, முன்சீப் கோர்ட்டுங்குற கீழ் சிவில் கோர்ட்டுல நின்ன நம்மாளு பேரு அதுல எங்க வரும். ஆனா நம்ம ஊர் முன்சீப் கோர்ட்டுலேர்ந்து மேல போன அப்பீல் தீர்ப்பு கிடைச்சா விடாதீங்க, அந்த ஊர்ல அப்ப என்ன சண்டை ஓடுச்சுன்னு தெரியும், கோயில் தர்மகர்த்தா வழக்கு, வாய்க்கா தண்ணி, பாகப்பிரிவினை, இதுலதான் அவர் சோறு தின்னிருப்பாரு.

அடுத்து வீட்டு டிரங்கு பெட்டி. வக்காலத்து, பத்திரம், குமாஸ்தா எழுதுன கணக்கு நோட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்க நோட்டுல பீஸ் எல்லாம் தமிழ் எண்ணுல இருந்துச்சு, ௧௫ன்னா 15, பக்கத்துல அணா, பை. 16 அணா ஒரு ரூபா, 12 பை ஒரு அணா, இது தெரியாம கூட்டுனா கணக்கு நாறிடும். தேதி இருக்காது, "துன்மதி வருஷம் ஆவணி"ன்னு இருக்கும். துன்மதி 1921-22லயும் வரும், 60 வருஷம் முன்னாடி 1861-62லயும் வரும், அதனால முத்திரைத்தாள்ல இருக்குற ராஜா தலைய பாத்து முடிவு பண்ணுங்க, விக்டோரியாவா ஜார்ஜான்னு.

அரசியல் பக்கம் வந்தா வீட்டுக் கதைய வருஷத்தோட உரசிப் பாருங்க. "1920 தேர்தல்ல காங்கிரஸ் சார்பா ஜெயிச்சு சட்ட கவுன்சிலுக்கு போனார்"னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க, அந்தத் தேர்தல காங்கிரஸ் புறக்கணிச்சுது, ஜஸ்டிஸ் கட்சிதான் மந்திரிசபை அமைச்சுது. ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டம்னா அது அரசாங்கம் குடுத்தது, அத வாங்கிட்டு அதே மூச்சுல ஒத்துழையாமைன்னு கதை சொன்னா எங்கயோ இடிக்குது. முனிசிபாலிட்டி ஆளா இருந்தா கூட்ட நடவடிக்கை நோட்டு கிடைக்குதான்னு கேளுங்க, எனக்கு இதுதான் தங்கம். பேச்செல்லாம் தேச விடுதலை இல்லீங்க, தெரு விளக்குக்கு மண்ணெண்ணெய் காண்ட்ராக்ட் யாருக்குன்னு ரெண்டு மணி நேர சண்டை, அதுல நம்மாளு எதிர்த்து ஓட்டு போட்டுட்டு வெளிநடப்பு. ராஜாஜி கூட சேலத்துல வக்கீலா இருந்து 1917ல முனிசிபல் சேர்மன் ஆனவர்தான், அப்ப அந்த நாற்காலிக்கு அவ்ளோ மவுசு.

சென்னைக்கு வந்தா எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா நூலகம் மூணையும் விடாதீங்க, சுதேசமித்திரன் பத்திரிகையோட பழைய இதழ் எங்க இருக்குன்னு அங்கயே கேட்டுக்கலாம். பேர ஒரே ஸ்பெல்லிங்ல தேடாதீங்க, பிள்ளை, ஐயர், நாயுடு ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல நாலு எழுத்து இருக்கும், இனிஷியல் வேற மாறும்.

கடைசியா சன்னது கதை. ஜெயிலுக்கு போனா சன்னது போயிடும், வ.உ.சி.க்கு 1908 தண்டனையோட போச்சு, பிறகு வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார நீதிபதி தயவுல திரும்பக் கிடைச்சுது, அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன்னே பேரு வச்சாரு. எங்க ஆளுக்கு அப்படி எதுவும் நடக்கல. கோர்ட்ட விட்டது நெஜம்தான், ஆனா கணக்கு நோட்டுல ஆவணில நின்ன பீஸ் வரவு தை மாசம் திரும்ப ஆரம்பிக்குது, முதல் வரவு 3 ரூபா 8 அணா. பாட்டிகிட்ட இத இன்னும் சொல்லல.