விடுமுறைகால முகாமுக்குப் பெற்றோரை அழைத்தல்: முகநூல், வாட்ஸ்அப், மின்னஞ்சல் செய்முறை

டிசம்பர் விடுமுறையை வடகீழ்ப் பருவமழை எடுத்துக்கொள்வதால், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துவோருக்கு எஞ்சுவது ஏப்ரலும் ஓகஸ்டுமே. அந்த நாட்களுக்கும் ரியூசன் வகுப்புகள் போட்டியிடும். ஆகவே, அறிவித்தல் ஒரு மாதத்துக்கு முன்னரேனும் பெற்றோரைச் சென்றடைய வேண்டும். முகநூலில் பக்கம் திறப்பதும் படம் ஏற்றுவதும் எல்லோரும் அறிந்தவை என்பதால், அவற்றை இங்கு விளக்கவில்லை.

படி 1: பட்டியல்

பெற்றோரின் பெயர், பிள்ளையின் தரம், ஊர், வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல் ஆகிய ஐந்து நிரல்கள் போதும். எண்களைத் தட்டச்சுச் செய்வதற்கு முன்னர் அந்த நிரலை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் 077 என்று தொடங்கும் எண்ணின் முதற்பூச்சியம் காணாமற்போகும். எக்செலில் சாதாரண சிஎஸ்வி (நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்த வெற்றுரை) கோப்பாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும். அதில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட தெரிவைத்தான் எடுக்க வேண்டும். நான் கூகுள் ஷீட்ஸையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கு இந்தத் தொல்லை எழுவதே இல்லை.

முகாமில் எடுத்த பிள்ளைகளின் படங்களை வெளியிடுவதற்கான பெற்றோரின் சம்மதத்தையும் இதே பட்டியலில் குறித்துவைப்பது நல்லது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் நிலையில், பாடசாலையொன்றின் தொலைபேசிப் பட்டியலை யாரிடமோ வாங்கிச் செய்தி அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 2: பாமினியிலிருந்து விடுபடல்

பலரும் இடறி விழும் இடம் இது. அச்சகத்தில் துண்டுப்பிரசுரம் வடிவமைப்பவர் பெரும்பாலும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்திருப்பார். அவர் தந்த உரையை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், ‘முகாம்’ என்ற சொல் பெரிய கே, எஃப், எச், சிறிய கே, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையே பயன்படுவதால், பந்தி முழுவதும் அரைப்புள்ளி சிந்திக் கிடப்பதைக் கண்டால் காரணம் இதுவென்று உடனே அறிந்துகொள்ளலாம். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை, ஏனெனில் பெறுபவரின் போனில் பாமினி இராது. பாமினி உரையை எல்லாப் போன்களிலும் தெரியும் யுனிகோட் தமிழாக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி–யுனிகோட் மாற்றி ஒன்றில் உரையை இட்டு, வருவதைப் பிரதியெடுங்கள்.

இங்கு இன்னொரு பொறியும் உண்டு. உரைக்குள் இணைய முகவரியோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிடும். ஆகவே முகவரிகளை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, மாற்றிய பின்னர் திரும்பச் சேருங்கள்.

உரையை விட்டுப் பிரசுரத்தின் படத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புவது தீர்வாகாது. படங்கள் தாமாகத் திறக்காத போனில் அது வெறும் வெள்ளைப் பெட்டி.

படி 3: முகநூல் விளம்பரம்

இடத்தெரிவில் ‘மட்டக்களப்பு’ என்று எழுதி ஒரு பெரிய வட்டம் போட்டால் அதில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விடும். நமது ஊர்கள் ஏ4 வீதியோரமாக நீண்டு ஒடுங்கிய பட்டியாகக் கிடப்பதால், கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று தனித்தனிக் குறியிட்டுச் சிறு வட்டங்களாகப் போடுவதே சிக்கனமானது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வரைபடத்தில் மிக அருகில் தெரிந்தாலும், பாலம் சுற்றியோ படகிலோ வாவியைக் கடந்துதான் வர வேண்டும். அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் காட்டுவதாயின், மண்முனைப் பாலத்தால் வான் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதை முதல் இரண்டு வரிகளுக்குள் எழுதிவிடுங்கள்.

மொழித் தெரிவில் தமிழை இடாதீர்கள். தமிழில் வாசிப்பவர்கள் பலர் போனை ஆங்கில அமைப்பில்தான் வைத்திருக்கிறார்கள், அவர்கள் அனைவரும் வடிகட்டப்பட்டு வெளியே போய்விடுவார்கள். கட்டணத்தை மறைத்து, ‘விபரங்களுக்கு இன்பொக்ஸ்’ என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தொகையைப் பார்த்துத் தீர்மானிக்க விரும்பும் தாயொருவர் அந்நியர் ஒருவருக்குச் செய்தி அனுப்பி விலை கேட்கமாட்டார், பேசாமல் அடுத்த பதிவுக்கு நகர்ந்துவிடுவார்.

படி 4: வாட்ஸ்அப்

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். எனவே பதிவு செய்பவரிடம் முதற்செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கும்படி கேளுங்கள். குழு அமைப்பதாயின் நிர்வாகிகள் மட்டும் எழுதும் அமைப்பை இடுங்கள். அதைச் செய்யாவிட்டால் ‘காலை வணக்கம்’ படங்களுக்கு அடியில் முகாமின் நேர மாற்றம் புதைந்துபோகும்.

படி 5: மின்னஞ்சல்

நம்மூரில் மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். வங்கியிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) வேலை செய்வோர் பார்க்கிறார்கள். அவர்களைவிட முக்கியமாக, கட்டாரிலும் சவூதியிலும் இருந்து பணம் அனுப்பும் தகப்பன்மாருக்கு, கட்டணம், வங்கி விபரம், காப்பாளர் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் பின்னர் தேடி எடுக்கக்கூடியதாக இருப்பது பெரும் உதவி. மட்டக்களப்பைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் அவர்கள் அகப்படவும் மாட்டார்கள்.

பட்டியல் சிறிதெனில் ஜிமெயிலில் மறைபிரதியாக (பிசிசி) அனுப்பினாலே போதும். அதில் நாளொன்றுக்கு 500 பேர் என்பதே எல்லை. பெரிதானால் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் பிரெவோ என்ற சேவையை எடுங்கள். அதன் இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 300 மின்னஞ்சலே அனுப்பலாம் என்பதால் பட்டியலைப் பல நாட்களுக்குப் பிரிக்க வேண்டும், அதுபோன்ற இன்னொரு சேவையான மெயில்சிம்பின் இலவச அளவோ சுருங்கிக்கொண்டே வந்துள்ளது. ஆனால் இத்தகைய சேவையில் ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைக்க வேண்டாம். 2024 பெப்ரவரியில் கூகுளும் யாகூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கிய பின்னர், சொந்த டொமைனும் (இணையப் பெயர்), கடிதம் அங்கிருந்தே வந்தது என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளும் இல்லாத கடிதங்கள் ஸ்பாமுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

தலைப்பு வரியில் இடமும் திகதியும் தரமும் முன்னுக்கு வரட்டும்: ‘கல்லடி முகாம், ஓகஸ்ட் 11, தரம் 3–8’. ‘அன்பார்ந்த பெற்றோர்களே’ என்று தொடங்கினால் சிறிய திரையில் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

பிற்சேர்க்கை

முகாமுக்குப் பதிவு செய்யும் கூகுள் படிவத்தில் இரண்டாவது பிள்ளையைப் பதிய முடியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பு இயங்கியதே காரணம், அதை நிறுத்திவிடுங்கள். பிறப்புச் சான்றிதழைப் படிவத்திலேயே ஏற்றக் கேட்டாலும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டியிருக்கும், ஆகவே சான்றிதழை முதல்நாள் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முகாம் திகதிகள் முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறையோடு பொருந்தாதே என்று காத்தான்குடியிலிருந்து வந்த கேள்வி நியாயமானது. அந்த விடுமுறை நோன்பை ஒட்டி மாறுபடுவதால், அந்தப் பெற்றோருக்குத் தனிப் பட்டியல் வைத்து, திகதிகளைத் தனியே அறிவியுங்கள். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி ஜும்ஆவுக்கு முன்னர் முடியுமா என்பதையும் அதே அறிவித்தலில் சேர்த்துவிடுங்கள்.