மழைக்காட்டின் அடுக்குகளைத் தாளில் வரைவது எப்படி?

ஆனைமலையின் பசுமைமாறாக் காட்டுக்குள் முதன்முறை நுழைபவருக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அதன் அடுக்குகளைப் பிரித்தறிய எளிய வழி, காட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கட்டத்தாளில் வரைந்து பார்ப்பதே ஆகும். 1930களில் தென் அமெரிக்காவிலுள்ள பிரிட்டிஷ் கயானாவின் (இன்றைய கயானா) மழைக்காட்டை ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் உள்ள நிலப்பட்டைகளை அளந்து இவ்வாறு வரைந்தார்கள்; நமக்கு 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் போதும்.

படி 1: வனத்துறையின் அனுமதி பெற்று, அட்டைக்கடிக்குத் தயாராகச் சென்று, சாலையிலிருந்து நன்கு உள்ளே தள்ளிக் கயிறு கட்டுங்கள். ஓரத்தில் வெயில் விழுவதால் புதர் மண்டிக் கிடக்கும். உட்புறமும் அப்படித்தான் என்று தொடக்கத்தில் நானும் எண்ணியிருந்தேன்.

படி 2: தரையிலிருந்து தொடங்குங்கள். சருகை மெல்ல விலக்கினால் மேலே முழு இலைகளும், அவற்றின் கீழே நரம்பு மட்டும் எஞ்சிய இலைகளும், அடியில் கறுத்த மக்கும், இடையிடையே வெள்ளை நூல் போன்ற பூஞ்சை இழைகளும் தெரியும். உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கே இங்கு வந்து சேர்வதால், பெரணிகளும் நிழலைப் பொறுக்கும் மரக்கன்றுகளுமே இங்கு மிகுதி.

படி 3: ஒவ்வொரு மரத்தின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டர் கோல் ஒன்றை மரத்தடியில் நிறுத்தி, இயன்றவரை விலகி நின்று, கையை நீட்டிப் பென்சிலில் அக்கோலின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அந்த அளவு மரத்தின் உச்சிவரை எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். 15 முறை என்றால் உயரம் சுமார் 30 மீட்டர். மிக அருகில் நின்றால் மேற்பகுதி சுருங்கித் தெரிந்து கணக்குத் தவறும். முதல் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது என்பதையும் மறவாமல் குறியுங்கள். அடுக்கைக் காட்டுவது தண்டு அன்று, கிளைகளும் இலைகளும் சேர்ந்த தழைமுடியே.

படி 4: ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்ற அளவில் வரையுங்கள். உச்சியில் வெடிப்பலா, நாங்கு, பாலி போன்றவற்றின் முடிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். கீழே முள் நிறைந்த உருண்டைக் காய்கள் சிதறிக் கிடந்தால் மேலே வெடிப்பலா இருக்கிறது என்று கொள்ளலாம். சிங்கவால் குரங்குக்கு அது முக்கிய உணவு. அதற்குக் கீழே சிறுமரங்களும், பிறகு குறிஞ்சி இனத்துப் புதர்களும் வரும். ஆனால் பாடநூல் படத்தில் உள்ளதுபோல் நேர்கோடு போட்டுப் பிரிக்க முயலாதீர்கள். 12 மீட்டர் உயர வெடிப்பலா இன்று இடையடுக்கில் இருந்தாலும், பக்கத்துப் பெருமரம் சாய்ந்து ஒளி இறங்கினால் உச்சிக்கு ஏறிவிடும்.

படி 5: மேலே காட்டு மரங்களை விட்டுவைத்துக் கீழே ஏலமோ காப்பியோ பயிரிட்ட இடத்தில், உரியவரின் இசைவோடு, இதே அளவில் இன்னொரு படம் வரையுங்கள். சாலையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காடாகத் தோன்றும். தாளிலோ, இரண்டாவது படத்தில் காப்பிச் செடிக்கும் உச்சி முடிகளுக்கும் நடுவே பெரும்பாலும் வெற்றுக் கட்டங்களே இருக்கும்.