முழங்கால் வலிக்குத் தடவும் ஜெல் தோலுக்குள் இறங்க

குறுவை நடவு தொடங்கினால் முழங்கால் வலியும் கூடவே வரும். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் ஜெல் வாங்கி, மிளகளவு தடவிவிட்டு, கேட்கவில்லை என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். பல நேரம் குறை மருந்தில் இல்லை, தடவும் முறையில்தான்.

தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். ஆனாலும் மருந்தைத் தடுக்கும் முக்கியச் சுவர் அதுவே. ஈரம் ஏறினால் அது கொஞ்சம் இளகும். ஆகவே குளித்து, துண்டால் ஒற்றித் துடைத்த உடனே தடவுவது நல்லது. சேறு, தேங்காய் எண்ணெய், தைலம், பவுடர் எதுவும் அடியில் இருக்கக் கூடாது.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 1.16 சதவீத ஜெல் என்றால் ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். டியூபின் வாய் சிறியதாக இருந்தால் இன்னும் குறையும். அப்படிப் பார்த்தால் ஒரு முழங்காலுக்கு 4 முதல் 8 விரல் நீளம். 30 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறது என்றால், தடவியது போதவில்லை. உறையில் ஒரு நாளைக்கு என்று போட்டிருக்கும் அளவைத் தாண்டவும் வேண்டாம்.

முழங்கால் சில்லின் மேல் மட்டுமல்ல, முட்டியின் இரு பக்கமும் பின்புறமும் பரப்பி, மினுமினுப்பு போகும்வரை மெதுவாகத் தேய்க்கவும். அழுத்தித் தேய்த்தால் வீங்கிய முட்டிக்கு வலிதான் மிஞ்சும். 10 நிமிடம் காய்ந்த பிறகே துணி படலாம். ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது. நடவு வயலில் சேறு முட்டிவரை ஏறும் என்பதால், விடியலில் எழுந்ததும் ஒரு வேளை, சாயங்காலம் குளித்ததும் ஒரு வேளை, படுக்கும்போது ஒரு வேளை என்று வைத்துக்கொள்வது ஒத்துவரும்.

தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம், பிளாஸ்டிக் கவர், இறுக்கமான கட்டு வேண்டாம். சூடு மருந்தை அதிகமாக உள்ளே தள்ளும் என்பது உண்மை. ஆனால் பல ஜெல்களில் வலித் தைலங்களில் சேர்க்கும் மெந்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். மூடிச் சூடேற்றினால் தோல் வெந்துபோகலாம். ஒத்தடம் வேண்டுமானால் முன்னதாகக் கொடுத்து, தோல் ஆறிய பிறகு தடவவும். மெந்தாலின் ஜில்லென்ற உணர்வை மருந்து வேலை செய்வதாக எண்ண வேண்டாம். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து திசுக்களில் சேர சில நாள் பிடிக்கும், அதனால் வேளை தவறக் கூடாது.

குதிகால் தோல் தடிமன், அங்கே மருந்து இறங்குவது கடினம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் ஜெல் எட்டாது. முழங்கால், கை விரல் மூட்டுகளுக்குத்தான் பலன் நன்றாகத் தெரியும்.

சேத்துப்புண், வெட்டுக்காயம், வெடிப்பு உள்ள இடத்தில் தடவவே கூடாது; தடுப்புச் சுவர் இல்லாததால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். தடவிய இடத்தை வெயில் படாமல் மூடவும், கையைக் கழுவவும். வலி மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் ஜெல்லை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.