ரிமோட்டை ஒளித்தும் பலனில்லை

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒரு நாள் ஸ்கேலைத் தங்கையின் கழுத்தில் வைத்து, "உன்னை முடிச்சிருவேன்டி" என்றான். ராத்திரியில் தூக்கத்தில் அலறல் வேறு. கார்ட்டூன்தான் காரணம் என்று ரிமோட்டைப் பரணில் ஒளித்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு வாரம் கவனித்த பிறகுதான் புரிந்தது. அந்த வசனம், அம்மா பார்க்கும் சீரியலில் வில்லி பேசுவது. அலறலுக்குக் காரணம் நானேதான்! சாப்பிடும்போது நான் வைக்கும் செய்தி சேனலில், ஆளை வெட்டும் சிசிடிவி காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனை நினைவுக்கு வந்தது. பெரியவர் ஒருவர் போபோ என்ற காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதேபோல் அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் சேர்த்து. 1963-இல் அதையே படமாகக் காட்டியபோதும் அப்படித்தான். பொம்மையை அடிப்பதும் ஆளை அடிப்பதும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் என் வீட்டில் இருந்தது பொம்மை இல்லையே.

சரி, செட்டாப் பாக்ஸில் செய்தி சேனல்களைப் பூட்டினேன். பின் நம்பரை 0000 என்றே விட்டதால் இரண்டே நாளில் பையன் திறந்துவிட்டான்! அப்புறம் மாற்றினேன். செய்தி இப்போது காலைப் பேப்பரில் மட்டும். அம்மாவிடம் சீரியலை நிறுத்தச் சொல்லத் தைரியமில்லை. அந்த அரை மணி நேரம் பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். படத்தில் சண்டை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "அது சாயம்டா, அடி மேலேயே படல" என்பேன்.

மூன்று வாரத்தில் அலறல் நின்றது. வில்லி வசனம் மட்டும் எப்போதாவது வருகிறது. இப்போது தங்கையும் திருப்பிச் சொல்கிறாள்.