கோர்பூட் பில்ட் பண்ணக்குள்ள கடைசி வரிய மட்டும் பாக்காதீங்க

நான் கல்லடியில, மச்சான் கல்முனையில. பழைய திங்க்பேட் எக்ஸ்230 லப்டொப் ஒண்டுக்கு கோர்பூட் (பயோஸுக்குப் பதிலா போடுற திறந்த மூல ஃபர்ம்வெயார்) போட வெளிக்கிட்டு ராவு பதினொரு மணிக்கு வாட்சப்பில போட்டோ அனுப்புறான், அதில கிடக்கிற ஒரே வரி "மேக்: எரர் 1" (மேக் எண்டது கோடக் கட்டுற டூல்), இத வெச்சி நான் என்னத்தச் சொல்ற? உண்மையான எரர் மேல எங்கயோ கிடக்கும், அதுவும் மைனஸ் ஜே8 போட்டு ஓட்டினா எட்டு வேல ஒண்டா ஓடி எல்லாத்தையும் கலக்கி உட்டுரும். ஜே1 போட்டு திருப்பி ஓட்டி முதலாவதா வாற எரரப் பாருங்க.

அவன்ட கதையில, டேட்டா மிச்சம் புடிக்க கிட் குளோன் பண்ணாம ஸிப்பா இறக்கியிரிக்கான். ஸிப்புல சப்மொடியூல் (வேற ரெப்போவில இருந்து சேத்து இழுக்கிற கோட்) வராது, வீபூட் மாதிரி அந்த ஃபோல்டரெல்லாம் வெறுமையா கிடக்கும், பிறகு ஹெடர் (ஃபங்ஷன்ட பேர கம்பைலருக்குச் சொல்ற ஃபைல்) இல்ல எண்டு கத்தாம என்ன செய்யும்.

அடுத்தது கம்பைலர். உபுண்டுவோட வாற ஜிசிசி போதும் எண்டு நினைக்காதீங்க, மேக் க்ராஸ்ஜிசிசி-ஐ386 அடிச்சி கோர்பூட்டுக்கு எண்டே உள்ளதக் கட்டுங்க. அதுக்கு முதல் நாட் (ஜிஎன்ஏடி, ஏடா மொழிக்கான கம்பைலர்) பேக்கேஜ் போடணும், ஏனெண்டா இன்டெல் டிஸ்ப்ளேய எழுப்புற லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் ஏடாவில எழுதினது. பிறகு போட்டா சரிவராது, டூல்செய்ன (கம்பைலர், லிங்கர் எல்லாம் சேந்த செட்ட) திருப்பிக் கட்டணும், எனக்கு அதுக்குள்ள ரெண்டு தரம் கரண்டும் போயிட்டு.

எல்லாரையும் அலைக்கழிக்கிற எரர் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". சி ஃபைல் ஒவ்வொண்டும் தனித்தனியா ஒப்ஜெக்ட் ஃபைலாகும், லிங்கர்ட வேல அதெல்லாத்தையும் சேக்கிற. நீங்க கூப்பிட்ட ஃபங்ஷன் இரிக்கிற ஃபைல் அந்தச் சேர்க்கையில இல்ல, அவ்வளவுதான் அது சொல்ற. ஆக்கள் உடன ஹெடர இன்க்ளூட் பண்ணுவாங்க, ஹெடர் கம்பைலர்ட வாயத்தான் அடைக்கும், லிங்கருக்கு ஆளே நேர வரணும். கோர்பூட்டில பூட்பிளாக், ரோம்ஸ்டேஜ், ராம்ஸ்டேஜ் எல்லாம் ஒண்டுக்குப் பிறகு ஒண்டா ஓடுற கட்டங்கள், தனித்தனியா லிங்க் ஆகிற. உங்கட ஃபைல மேக்ஃபைல்.எம்கேல (எந்த ஃபைல எதில சேக்கிற எண்டு எழுதிற லிஸ்ட்) ராம்ஸ்டேஜ்-ஒய் எண்டு மட்டும் சேத்திட்டு ரோம்ஸ்டேஜ்ல இருந்து கூப்பிட்டா எங்க வாற? ரோம்ஸ்டேஜ்-ஒய்க்கும் ஒரு வரி போடுங்க. எரர்லயே பில்ட்/ரோம்ஸ்டேஜ் எண்டு பாதை எழுதிக்கிடக்கும், ஆனா அத ஒருத்தரும் வாசிக்கிறல்ல. வரி சரியா இரிந்தும் வரல்ல எண்டா அந்த ஃபைலுக்குரிய ஒப்ஷன் மெனுகொன்ஃபிக்ல (செட்டிங் மெனுவில) ஓஃப்ல கிடக்கா எண்டு பாருங்க. (2024க்கு முந்தின கைடுகள்ல மேக்ஃபைல்.இன்க் எண்டு இரிக்கும், தேடி மினக்கெடாதீங்க, அதேதான் இது.)

ரீஜன்ல (அந்தக் கட்டத்துக்கு ஒதுக்கின இடத்தில) கொள்ளாது எண்டு வந்தா அது கோட் பெருத்த கேஸ், டீபக் ஒப்ஷன் ஒண்டு ரெண்ட நிப்பாட்டிப் பாருங்க. ரோமுக்குள்ள பேலோட் (கோர்பூட் முடிய ஓடுற புரோகிராம்) கொள்ளல்ல எண்டா அது லிங்கரே இல்ல, ரோம் ஃபைல அடுக்குற சிபிஎஃப்எஸ்டூல்ட முறைப்பாடு.

புது வெர்ஷனுக்கு மாறினா பழைய பில்ட்டோட மல்லுக்கட்டாம மேக் டிஸ்ட்க்ளீன் அடிங்க, ஆனா அது டொட் கொன்ஃபிக்கையும் (உங்கட செட்டிங் இரிக்கிற ஃபைல்) சேத்து அழிக்கும், முதல்ல கொப்பி எடுத்து வெளிய வெச்சிரிங்க. மச்சானுக்கு இதச் சொல்ல மறந்திட்டன், அதுக்கும் ஒரு போட்டோ வந்திச்சி.